ஓபராவுக்குப் பழங்கால உடை: வாடகையா, தையலா, பழைய சேலையா, ஊர்ப் பார்சலா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா" என்ற ஒரு சொல்தான் தமிழ், மீதி எல்லாம் ஆங்கிலம். டர்பனில் அது வழக்கம்தான். அவர்களுடைய பாட்டுக் குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸேயின் 'முத்துக்குளிப்போர்' ஓபராவைச் சுருக்கி மேடையேற்றப் போகிறது. முக்கியப் பாடகர்கள் 4 பேர், கோரஸ் 24 பேர், 4 ஷோ, கையில் 8 வாரம். உடை விஷயத்தில் குழுவுக்குள் ஒரே சண்டை. பாதிப் பேர் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். பாதிப் பேருக்கு மதுரையிலோ சென்னையிலோ சொல்லித் தைத்து வாங்க ஆசை. ஒரு அம்மா மட்டும் "வீட்டு பீரோவில் இல்லாத சேலையா?" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வியோடு போன வருடமும் இரண்டு பேர் வந்தார்கள். அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் விருதுநகரில் தையற்கடை வீட்டில் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். இங்கே மேடை உடை தைக்கும்போது என்னோடு உட்காருகிறவர்கள் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதி அக்காக்கள். ஒரு காலத்தில் டர்பன் கார்மெண்ட் ஃபேக்டரிகளில் மெஷின் ஓட்டியவர்கள். ஒரு காலரை அவர்கள் திருப்பித் தைக்கிற வேகத்தை இன்னும் நான் வேடிக்கைதான் பார்க்கிறேன்.

## காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எங்கே வாங்குவது என்று சண்டை போடுகிறவர்கள் எந்தக் காலத்து உடை என்பதை இன்னும் பேசியிருக்க மாட்டார்கள். முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

இந்த ஓபராவில் கதை நடப்பது பழங்கால இலங்கையில் என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த நூற்றாண்டு, எந்த ராஜா, ஒன்றும் கிடையாது. கதை எழுதிய கார்மோன், கார்ரே இருவரும் முதலில் மெக்ஸிகோவில் நடப்பதாக வைத்துக்கொண்டு, அப்புறம் இலங்கைக்கு மாற்றியவர்கள். அதனால்தான் அதில் முத்துக்குளிக்கிறவர்கள் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள். நம் ஊரில் பிரம்மாவுக்குக் கோயில் தேடிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கூத்து என்று தெரியும்.

இப்படி அவிழ்த்துவிட்ட கதைக்கு மூன்று விதமாக உடை போடலாம். முதலாவது, 1863 செப்டம்பரில் பாரிஸில் முதல் முறை மேடையேறியபோது ஐரோப்பியர்கள் கண்ட கனவு: பளபளக்கிற பைஜாமா, தொப்புள், காசு மாலை. இரண்டாவது, காலமே சொல்லாத வெள்ளைத் துணி. மூன்றாவது, ஓபரா எழுதப்பட்ட அதே 1860கள்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. காரணம் டர்பன்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு வந்த 342 பேரோடு இந்தக் கரைக்கு வந்தது. மூன்று வருடம் கழித்து பிஸே பாரிஸில் இலங்கைக் கடற்கரையைக் கற்பனை செய்கிறார். அரங்கில் உட்காரப் போகிறவர்களின் பூட்டன் பூட்டி அதே வருடங்களில் என்ன உடுத்தியிருந்தார்களோ அதைக் கோரஸுக்குப் போட்டால், பிரெஞ்சில் ஒரு சொல் புரியாதவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். மன்னார் வளைகுடாவின் உண்மையான முத்துக்குளிப்பும் கதைக்கு அவ்வளவு தூரம் இல்லை. அந்தக் காலத்தில் இலங்கைக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை என்ற ஊர்கள் பக்கம் முத்துக் காலத்தில் கூடாரங்களாலேயே ஒரு ஊர் முளைக்கும். கல்லின் பாரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர்; அவர் இல்லாமல் இறங்க மாட்டார்கள். இந்த ஓபராவில் பாறை மேல் நின்று பாடி முத்துக்குளிப்பவர்களைக் காவல் காக்கிற பூசாரிப் பெண் லெய்லா அதே வேலையைத்தானே செய்கிறாள்?

நீங்கள் பாரிஸ் கனவைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் வாடகைப் பகுதியை மட்டும் படித்தால் போதும். வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மூச்சு. நாடக நடிகருக்கு அழகாகப் பொருந்தும் உடை பாடகரின் கழுத்தை நெரிக்கும். ஓபரா பாடுகிறவர்கள் கீழ் விலாவை விரித்துப் பாடுகிறார்கள். மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தச் சொல்லி, விலாவைச் சுற்றி டேப் போட்டுப் பாருங்கள். சும்மா நிற்கும்போது எடுத்த அளவுக்கும் இதற்கும் 2 அங்குலத்துக்குக் குறைவான வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. காதை மூடும் தலைப்பாகையும் ஆகாது. ஆர்கெஸ்ட்ரா கேட்காமல் சுருதி நழுவும். தடித்த காலர் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, கடைசி வரிசையின் கண். ஜரிகையின் வேலைப்பாடு 3-வது வரிசையோடு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரிவது உருவத்தின் கோடு, நிறம், துணி விழுகிற விதம், இவ்வளவுதான். பணத்தை இந்த மூன்றில் போடுங்கள்.

மூன்றாவது காலம். 1860 என்று சொல்லிவிட்டால் ரோஸ், பேரட் கிரீன், வயலட் எல்லாம் வெளியே. முதல் செயற்கைச் சாயத்தை பெர்க்கின் லண்டனில் கண்டுபிடித்தது 1856-ல். அது மன்னார் கரையில் முத்துக்குளிக்கிறவரின் துண்டுக்கு அதற்குள் வந்திருக்காது. அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள், வெளுக்காத காடா, மண் நிறம், இவற்றுக்குள்ளேயே விளையாட வேண்டும். ஜிப் 20-ஆம் நூற்றாண்டுச் சாமான். உள்ளே ஒளித்து வைத்தால் யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை, ஆனால் முதுகில் பளிச்சென்று ஒரு ஜிப் ஓடினால் மொத்த உழைப்பும் வீண்.

நான்காவது, மாற்றும் வசதி: ஒரே வேடத்துக்கு இரண்டு பாடகர்களா, இடைவேளைக்குள் உடை மாற்ற வேண்டுமா, இதெல்லாம். ஐந்தாவது பணம். கடைசியாக ஒன்று, எல்லாரும் மறப்பது: கை மணி. அதாவது உடை கைக்கு வந்த பிறகு அதில் எத்தனை மணி நேரம் ஊசி பிடிக்க வேண்டும், ஷோ முடிந்தபின் துவைத்து உலர்த்தி மடித்து வைக்க எத்தனை மணி நேரம். விலைச்சீட்டில் இது இருக்காது. நான் பார்த்தவரை குழுக்கள் சண்டை போட்டுப் பிரிவது இந்த இடத்தில்தான். பணம் யாராவது தந்துவிடுவார்கள், ராத்திரி 11 மணிக்கு ஓரம் அடிக்க ஆள் வராது.

## வாடகை

நல்லது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிப்பாய், துரை, கப்பல் கேப்டன் மாதிரி ஐரோப்பிய வேடம் இருந்தால் வாடகையை எதுவும் அடிக்க முடியாது. 1860 மாதிரிக் கோட் ஒன்றைக் கேன்வாஸ் வைத்து, தோள் நிற்க வைத்து, புதிதாகத் தைக்கக் கை தேர்ந்த டெய்லருக்கே ஒரு வாரம் ஆகும். பெரிய அரங்குகளின் உடை அறைகளிலும் வாடகைக் கடைகளிலும் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்து வந்து கையை மட்டும் மடித்து நூல் போட்டால் தீர்ந்தது.

இந்திய வேடம் என்று கேட்டால்தான் வினை. நான் ஒரு தடவை பெட்டியைத் திறந்தபோது உள்ளே சுருள் முனைத் துருக்கிச் செருப்பு இருந்தது. அதன் கீழே மயில் நீலத்தில் ஷிஃபான் பைஜாமா, பித்தளைக் காசு தொங்கும் பெல்ட். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'இந்தியா, பெண், 12' என்று எழுதியிருந்தது. சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர் அந்தப் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உடை அறை முழுக்க நடந்து காட்டினார். அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

மறைந்திருக்கும் செலவு நிறைய. டெபாசிட் ஒன்று, ட்ரை கிளீனிங் ஒன்று. பெட்டி கேப்டவுனிலிருந்தோ ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தோ வந்தால் போக வரக் கூலி. ஒரு நாள் தாமதமானால் அதற்குத் தனி. எல்லாவற்றையும்விடப் பெரியது, வெட்டக் கூடாது, சாயம் போடக் கூடாது என்ற நிபந்தனை. விலா அளவு 2 அங்குலம் குறைந்தால் வாடகை உடையில் உங்களால் செய்ய முடிவது ஒன்றே ஒன்று: உள்ளே தையலுக்கு மேல் விட்டிருக்கும் துணியைப் பார்த்து, அனுமதி கேட்டு, பிரித்து விடுவது. அந்தத் துணியும் இல்லையென்றால் முதுகில் நாடா போட்டுக் கட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைக்க வேண்டியதுதான்.

ஒரு ஷோ, இரண்டு ஷோ, கச்சேரி மாதிரி நின்று பாடும் நிகழ்ச்சி, ஐரோப்பிய வேடம்: இவற்றுக்கு வாடகை. வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

## புதிதாகத் தைப்பது

முக்கியப் பாடகர்கள் நாலு பேருக்கும் தைத்துத்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. பூசாரிப் பெண் லெய்லா, அவளைக் காதலிக்கும் நாதீர், முத்துக்குளிப்போரின் தலைவன் ஸுர்கா, தலைமைப் பூசாரி நூராபாத். அதே வரிசையில் குரல்கள்: சோப்ரானோ (பெண்ணின் உச்சக் குரல்), டெனர் (ஆணின் உச்சக் குரல்), பாரிடோன் (நடுக் குரல்), பாஸ் (கீழ்க் குரல்). இரண்டு மணி நேரமாக எல்லாக் கண்ணும் இவர்கள் மேல்தான், மூச்சுச் சுமையும் இவர்களுக்குத்தான்.

முறை இது. முதலில் காடாத் துணியில் வெட்டிச் சும்மா இழையோட்டித் தைத்து ட்ரையல் பார்ப்பது. ட்ரையலின்போது பாடகர் கண்ணாடி முன் நின்று அழகு பார்க்கக் கூடாது. தன் பாட்டிலேயே கஷ்டமான இடத்தை முழுக் குரலில் பாட வேண்டும், உட்கார்ந்து ஒரு தடவை, முட்டி போட்டு ஒரு தடவை. அப்போது எங்கே இழுக்கிறதோ அங்கே மார்க்கிங் சாக்கில் கோடு. அப்புறம்தான் நல்ல துணியில் கத்தரி. பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் துணி விடுங்கள்; அடுத்த வருடம் வேறு லெய்லா வருவார். அக்குளில் கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு துண்டுத் துணியை டிச் பட்டனில் மாட்டிவிட்டால் உடையையே தினமும் துவைக்க வேண்டாம். ஈரக்காற்றும் விளக்குச் சூடும் சேர்ந்த டர்பன் நவம்பரில் இதன் அருமை தெரியும்.

லெய்லாவின் முக்காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் முகம் தெரியாதவளாக வருகிறாள். நாதீர் குரலை வைத்துத்தான் அவளை அடையாளம் காண்கிறான். ஆகவே பார்ப்பவர்களுக்கு முகம் தெரியக் கூடாது. ஆனால் பாடுகிறவருக்கோ ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை தெரிந்தாக வேண்டும். பாலியெஸ்டர் வலை விளக்கில் மின்னி முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். மெல்லிய மல் துணியை அவுரி நீலத்தில் ஒரு முக்கு முக்கினால் வெளியிலிருந்து இருட்டாகவும் உள்ளிருந்து தெளிவாகவும் இருக்கிறது. வாய்க்கு முன்னால் ஒற்றை மடிப்புக்கு மேல் வேண்டாம், சத்தம் மங்கும்.

இரண்டாம் அங்கத்தின் முடிவில் நூராபாத் அந்த முக்காட்டைப் பிடுங்கி எறிகிறான். ஸுர்கா அவளை அடையாளம் காணும் இடம், கதையே திரும்பும் இடம். இதே ஓபராவை நாங்கள் முன்பு போட்டபோது, இரண்டாவது ஷோவில் நூராபாத் இழுத்த இழுப்பில் முக்காட்டோடு விக்கும் சேர்ந்து வந்தது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. தப்பு என்னுடையது. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் முக்காட்டை விக்கோடு பின் குத்தி வைத்தவள் நான்தான்.

மூன்றாம் அங்கத்தில் லெய்லா தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள். அதைப் பார்த்துத்தான் ஸுர்காவுக்குப் பழைய உண்மை தெரிகிறது. கொக்கி வைத்த மாலை அந்த நேரம் பார்த்து முடியில் சிக்கும். காந்தப் பூட்டு வையுங்கள். அதே மாதிரி இன்னொரு மாலை மேடைப் பக்கத்தில் இருக்கட்டும்.

துணிக்கு இங்கேயே ஒரு நல்ல வழி உண்டு: ஷ்வேஷ்வே. கிழக்குக் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் டா காமா ஆலை அச்சிடும் பருத்தி. கஞ்சி போட்டு விறைப்பாக வரும், முதல் துவையலில் மெத்தென்று ஆகிவிடும். அசல்தானா என்று பார்க்க நாக்கால் தொட்டு உப்புக் கரிக்கிறதா என்று சோதிக்கும் பாட்டிகளை விக்டோரியா தெருப் பக்கத்துக் கடைகளில் பார்த்திருக்கிறேன். நம் ஊர்த் துணி என்று அதைச் சொல்ல முடியாது, அச்சு வேறு. ஆனால் நீல ஷ்வேஷ்வேயை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்துவிட்டால் பால்கனியிலிருந்து பார்க்கும்போது பழைய அவுரித் துணிதான். அகலம் 90 சென்டிமீட்டர்தான் என்பதை மறந்து கணக்குப் போட்டு ஒரு தடவை திரும்பக் கடைக்கு ஓடினேன்.

தைப்பதன் மறைந்த செலவு நேரம். என் நோட்டுக் கணக்கில் ஒரு முக்கிய வேடத்துக்குக் காடா ட்ரையல் முதல் கடைசிக் காஜா வரை 35 மணி நேரம். நாலு பேருக்கு 140. இதே கணக்கில் 24 பேர் கோரஸையும் தைக்கிறேன் என்று கிளம்பினால், முதல் ஷோ அன்று பாதிக் கோரஸ் ஓரம் அடிக்காத துணியோடுதான் நிற்கும்.

## பழையதைத் திருத்துவது

பீரோவில் இல்லாத சேலையா என்று கேட்ட அம்மா பாதி சரி. டர்பனில் சேலை கேட்டால் மூட்டை மூட்டையாக வரும். போரிட்ஜ் பிரேயர் (அம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜைக்கு இங்கே அதுதான் பேர்) சமயத்தில் கோயில் வாசலில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தோம். அடுத்த ஞாயிறே கார் டிக்கி நிறைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு பாலியெஸ்டர். மேடை விளக்கில் அது கண்ணாடி மாதிரி மின்னும். டீத்தூள் தண்ணீரில் எவ்வளவு ஊறவைத்தாலும் பாலியெஸ்டர் நிறம் இறங்காது. பருத்திதான் டீயைக் குடிக்கும், மங்கும், மண் நிறம் காட்டும்.

அதனால் சேலை வாங்கும்போதே இரண்டு கேள்வி: பருத்தியா, சாயம் போனதா? ஆம் என்றால் அது தங்கம். சாயம் போன பழைய சுங்கடி ஒன்று, புதுப் பட்டு நாலுக்குச் சமம். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடலாம். அழுக்கும் கிழிசலும் வேண்டுமென்றால் தேங்காய்த் துருவி, உப்புத் தாள் கொண்டு முட்டி, பிட்டம், தோள் படுகிற இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். எல்லா இடத்திலும் தேய்த்தால் பிச்சைக்கார வேடம் ஆகிவிடும். உழைக்கிறவரின் துணி உழைக்கிற இடத்தில்தான் நைந்து போகும்.

கட்டும் விதத்தில்தான் காலம் இருக்கிறது. இன்றைய முன்கொசுவமும் உள்பாவாடையும் அன்றைய உழைக்கும் தமிழ்ப் பெண்ணிடம் கிடையாது. பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினால் அதே பழைய சேலை நூற்றைம்பது வருடம் பின்னால் போய்விடும். ரவிக்கையும் பரவலாக இல்லாத காலம். இதை மேடையில் அப்படியே செய்ய முடியாது. கோரஸில் இருப்பவர்கள் நம் அத்தைகளும் மதினிகளும். அவரவர் தோல் நிறத்துக்கு நெருக்கமான மங்கிய நிறத்தில் கை இல்லாத உள்சட்டை போட்டு, முந்தானையைக் கழுத்தோடு சுற்றி இடுப்பில் செருகிவிட்டோம். ஆண்களுக்கு 6 கஜம் சேலை ஒன்றிலிருந்து இரண்டு வேட்டி வந்தது. வெற்று மார்போடு நிற்கச் சொன்னபோது முன்வரிசை மாமா ஒருவர் "என் தொப்பை கடல்ல மிதக்கும், முங்காது" என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் துண்டு கொடுத்தோம்.

கட்டிய சேலையில் இன்னொரு லாபம், அது மூச்சோடு விரியும். பிரிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம், ஆள் மாறினாலும் பொருந்தும். 24 பேருக்கும் இதுவே போதும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். கொலுசு மட்டும் வேண்டாம். 12 பெண்கள் மெல்ல நடந்து வெளியேறும்போது வயலின் காணாமல் போகும்.

இந்த வழியில் இன்னொரு ஆசை வரும்: தெருக்கூத்துப் பெட்டி. இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பேர் மாறி வாழும் கூத்தின் கிரீடமும் புஜகீர்த்தியும் கண்ணாடி பதித்து அபாரமாக இருக்கும், நூராபாத்துக்கு வைத்தால் பிரமாதமாக இருக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தலையில் அந்தப் பாரத்தோடு பாஸ் குரல்காரரின் கழுத்து இறுகிவிட்டது. அதைவிட, பூஜை போட்டுத் தலையில் ஏற்றும் பொருள் அது. இரவல் கேட்கும் முன் யோசிக்க வேண்டும். அட்டையில் அதன் சாயலில் ஒன்று செய்துகொண்டோம்.

மறைந்த செலவு: தரம் பிரிப்பது, துவைப்பது, சாயம் ஏற்றுவது. பணம் கிட்டத்தட்ட இல்லை, கை மணி நிறைய. ஆனால் இந்த வேலைக்குத் தையல் தெரிய வேண்டாம், டீ வாளி கலக்கத் தெரிந்தால் போதும். கோரஸ்காரர்களே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் முடியும்.

## ஊரிலிருந்து வரவழைப்பது

எனக்குப் பிறந்த ஊர் என்பதால் இந்த வழி மேல் பாசம் அதிகம், அதனால் கவனமாகச் சொல்கிறேன்.

துணிக்கு ஊர்தான். கைத்தறிப் பருத்தி, கண்டாங்கி, சுங்கடி, எட்டு முழ வேட்டி, இவற்றின் விழுகையை இங்கே எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தைத்த உடைக்கு ஊர் வேண்டாம். முதல் காரணம் சுங்கம். தைத்த உடைக்குத் தென்னாப்பிரிக்காவில் இறக்குமதி வரி 45%. அதன் மேல் வாட் 15%, அதுவும் சரக்கு மதிப்போடு 10% கூட்டி, வரியையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல். 10,000 ராண்டுக்கு உடை வாங்கினால் வரி 4,500, வாட் 2,325. பார்சல் கூலிக்கு முன்பே 16,825 ஆகிவிட்டது. தைக்காத துணிக்கு வரி இதைவிடக் குறைவு. சேலை எந்தப் பிரிவில் வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கிளியரிங் ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் அளவு. பாடகரைப் பார்க்காத டெய்லர் சும்மா நிற்கிற அளவுக்குத்தான் தைப்பார். நீங்கள் சென்டிமீட்டரில் அனுப்புவீர்கள், அவர் அங்குலத்தில் படிப்பார். திருப்பி அனுப்பித் திருத்த நேரம் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஊர் டெய்லர்களிடம் எதுவும் கேட்காதீர்கள். "நாளைக்கு ரெடி" என்று சொல்வார்கள், எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. "கோயில் பூசாரிப் பெண், பழைய காலம்" என்று சொல்லி ஆர்டர் கொடுத்தால் வருவது பரதநாட்டிய உடையாகத்தான் இருக்கும்: விசிறி மடிப்பு, டெம்பிள் செட், சிவப்புக் கல். தைத்து மாட்டிக்கொள்ளும் அந்த விசிறி உடை 20-ஆம் நூற்றாண்டு மேடைக்கு வந்தது. 1860-க்குச் சம்பந்தமே இல்லை. இடுப்புப் பட்டை வேறு லெய்லாவின் மூச்சைப் பிடிக்கும். டர்பனில் எல்லார் வீட்டிலும் நடனம் படிக்கும் பெண் இருப்பதால் பார்ப்பவர்கள் உடனே "அரங்கேற்றம் மாதிரி இருக்கே" என்பார்கள்.

நாலு மாதம் கையில் இருந்தால், துணியாக மட்டும் வரவழைப்பது என்றால், நிறைய ஷோ என்றால், இந்த வழி அருமை. 8 வாரத்துக்குள் என்றால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மூச்சு | 1860-க்குப் பொருத்தம் | பணம் | கை மணி | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வாடகை | அதிர்ஷ்டம் | கோட்டுக்குச் சரி, இந்திய வேடத்துக்குத் தப்பு | நடுத்தரம், பின்னால் ஏறும் | குறைவு | துரை, சிப்பாய். ஓரிரு ஷோ |
| தைப்பது | மிக நன்று | நம் கையில் | அதிகம் | மிக அதிகம் | முக்கியப் பாடகர்கள் |
| பழைய சேலை | நன்று | கட்டும் விதத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு | அதிகம், ஆனால் எளிய வேலை | கோரஸ் |
| ஊர்ப் பார்சல் | துணிக்குக் கேள்வியில்லை. தைத்தால் ஆபத்து | துணி அருமை | வரி சேர்ந்தால் அதிகம் | நடுத்தரம் | நீண்ட கால ஏற்பாடு |

## பீனிக்ஸ் தம்பிக்கு

உங்கள் 8 வாரத்தை இப்படிப் பிரிப்பேன். கோரஸுக்குப் பழைய சேலை. இந்த ஞாயிறே கேட்க ஆரம்பியுங்கள். நாலு பேருக்கும் இங்கேயே தைப்பது. பணம் இடித்தால் நாதீரையும் ஸுர்காவையும் நல்ல வேட்டி, துண்டு, தலைப்பாகையோடு விட்டுவிட்டு லெய்லாவுக்கும் நூராபாத்துக்கும் மட்டும் தையுங்கள். வாடகை வேண்டாம், உங்கள் கதையில் துரையே இல்லை. ஊரிலிருந்து யாராவது எப்படியும் வருகிறார் என்றால் லெய்லாவுக்கு நல்ல மல் துணி 6 மீட்டர் மட்டும் சொல்லி விடுங்கள்.

மூன்றாம் அங்கத்தில் ஸுர்கா குடியிருப்புக்குத் தீ வைக்கிறான். அதை விளக்கில் மட்டுமே காட்டுங்கள். பருத்தி பற்றிக்கொள்ளும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்; உண்மைத் தீ இருக்கும் மேடையில் என் சேலை ஒன்றுகூட ஏறாது.

தையலை முக்காட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அது சின்ன வேலை என்று கடைசிக்குத் தள்ள வேண்டாம். விக்கோடு சேராமல் நாடா ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டி, அந்த நாடாவில் டிச் பட்டன் நாலு, பின் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த முறை நாங்கள் செய்தபோது சாட்ஸ்வொர்த் அக்கா விக்கை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், நான் நூராபாத்தாக நின்று 40 தடவை பிடுங்கினேன். 31-வது இழுப்பில் இடது காதுப் பக்கத்துப் பட்டன் நூலோடு வந்துவிட்டது. அதை எடுத்து இரட்டை நூல் கோத்து மறுபடி தைத்துவிட்டு, மிச்சம் ஒன்பது தடவையையும் இழுத்து முடித்தோம்.